அல்பேனியமும் ருமேனியமும்: ஒரே பட்டியின் சொற்கள்

அன்புள்ள ஐயா,

பலெர்மோவில் ஓர் உணவகச் சமையலறையில் வேலை செய்கிறேன். கூட வேலை செய்பவர்களில் ஒருவர் ருமேனியர், ஒருவர் அல்பேனியர். உதட்டுக்கு இருவரும் 'பூஸ' என்கிறார்கள். மீன் ஒருவருக்கு 'பெஷ்தெ', மற்றவருக்கு 'பெஷ்க்'. ருமேனியம் லத்தீனின் பிள்ளை என்று தெரியும். அல்பேனியமும் அப்படித்தானா?

க., பலெர்மோ

அன்புள்ள க.,

இல்லை. 1854-இலேயே ஃப்ரான்ஸ் போப் என்ற ஜெர்மன் மொழியியலாளர் அல்பேனியம் இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று காட்டிவிட்டார். கிரேக்கம், ஆர்மீனியம் போல அதுவும் அந்தக் குடும்பத்தில் தனிக் கிளை. ஆனால் உங்கள் குழப்பம் நியாயமானது. எழுத்தில் கிடைத்த மிகப் பழைய அல்பேனிய வாக்கியம் 1462-இல் பால் எஞ்செலி என்ற பேராயர் எழுதிவைத்த ஞானஸ்நான வாசகம்: 'தந்தை, மகன், தூய ஆவியின் பெயரால் உனக்கு ஞானஸ்நானம் தருகிறேன்.' அதில் தந்தை, மகன் என்ற சொற்கள் அல்பேனியத்தின் சொந்தச் சொத்து. ஞானஸ்நானம், தூய, ஆவி மூன்றும் லத்தீனிலிருந்து வந்தவை. ரோம ஆட்சியில் பல நூற்றாண்டுகள் கிடந்த மொழி அல்லவா! உங்கள் மீனும் அந்த வழியில் வந்ததுதான். இத்தாலியரின் 'பேஷெ'யையும் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள், தெரிந்துவிடும்.

உதட்டின் கதை வேறு. 'பூஸ' லத்தீன் இல்லை. இப்படி லத்தீனில் இல்லாத, இரண்டு மொழிக்கும் பொதுவான சொற்கள் பல உண்டு. அவற்றில் ஆட்டு வாடை அடிப்பவை நிறைய. எனக்கு மிகவும் பிடித்தது 'ஸ்த்ருங்க'. ஆட்டுப்பட்டியில் ஓர் ஆடு மட்டும் நுழையும் அளவுக்கு ஒரு சந்து விட்டிருப்பார்கள். அங்கே இடையர் உட்கார்ந்துகொண்டு, வரும் ஆடுகளை ஒவ்வொன்றாகப் பிடித்துக் கறப்பார். அந்தச் சந்துக்குத்தான் இந்தப் பெயர். அல்பேனியத்தில் முதல் எழுத்து 'ஷ்' ஆகும், அவ்வளவுதான். ஆட்டை மேய்க்காதவனுக்கு இந்தச் சொல்லால் என்ன பயன்? ருமேனியரின் முன்னோரும் அல்பேனியரின் முன்னோரும் பால்கன் மலைகளில் ஒரு காலத்தில் பக்கத்துப் பக்கத்துப் பட்டிகளில் வாழ்ந்தவர்கள் என்றே நான் நம்புகிறேன். அல்லது லத்தீன் பேசத் தொடங்கிய ருமேனியரின் முன்னோர் அதற்கு முன் பேசிய மொழி, அல்பேனியத்தின் மூதாதைக்கு நெருங்கியதாக இருந்திருக்கும். எப்படியானாலும் இது நேற்று வாங்கிய கடன் இல்லை. பட்டாணி ருமேனியத்தில் 'மஸரெ', அல்பேனியத்தில் 'மொதுல்'. ஒன்றில் ஸகரம் வரும் இடத்தில் மற்றதில் தகரம் வருகிறது. ஒலிகள் இப்படி ஒழுங்காகப் பிரிவதற்குக் காலம் பிடிக்கும்.

இலக்கணத்துக்கும் வருகிறேன். ஓநாய் இத்தாலியத்தில் 'லூப்போ', குறிப்பிட்ட ஓநாய் என்றால் 'இல் லூப்போ'. சுட்டு முன்னால் வரும். ருமேனியரிடம் கேளுங்கள்: 'லூப்', 'லூபுல்'. அல்பேனியரிடம்: 'உய்க்', 'உய்கு'. இரண்டிலும் சுட்டு பெயரின் வாலில் ஒட்டிக்கொள்கிறது. ஸ்லாவியக் குடும்பத்தைச் சேர்ந்த பல்கேரியமும் இதையே செய்கிறது. ஆகவே இதை ரத்த உறவு என்று சொல்ல முடியாது, கூடி வாழ்ந்ததில் தொற்றிய பழக்கம்.

சரி, அல்பேனியத்தின் தாய் யார்? இல்லிரியம் என்பார்கள் பலர், திரேசியம் என்பார்கள் சிலர். இரண்டும் பால்கனில் பேசப்பட்டு அழிந்துபோன பழைய மொழிகள். இல்லிரியத்தில் ஒரு முழு வாக்கியம்கூட நமக்குக் கிடைக்கவில்லை, ஊர்ப்பெயர்களும் ஆள்பெயர்களும்தான் மிச்சம். அதை வைத்துக்கொண்டு அடித்துச் சொல்பவர்களை நான் நம்புவதில்லை.

இன்னொன்று. பலெர்மோவுக்குப் பக்கத்திலேயே பியானா தெல்யி அல்பனேசி என்று ஓர் ஊர் இருக்கிறது. 15-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கடல் கடந்து வந்த அல்பேனியர் அமைத்தது. இன்றும் அங்கே பழைய அல்பேனியம் பேசுகிறார்கள். ஒரு விடுமுறை நாளில் போய், வெள்ளைக்கு என்ன சொல் என்று கேளுங்கள். 'பர்த' என்பார்கள். அப்புறம் உங்கள் ருமேனிய நண்பரிடம் செங்கால் நாரையின் பெயரைக் கேளுங்கள். 'பர்ஸ' என்பார்.