"பேசுறது பாட் தானே, நாமளா பொய் சொல்றோம்?"

கேள்வி: அக்கா, எனக்கு வயசு 27. மாசாமாசம் சந்தா கட்டி யூஸ் பண்ற ஒரு ஆப் கம்பெனில டிசைன் டீம்ல இருக்கேன். சந்தாவை நிறுத்தணும்னு வர்றவங்களை இனிமே ஏஐ சாட்பாட் தான் பேசி சமாளிக்கணுமாம், லேசுல விடக்கூடாதாம், அவங்களே அலுத்துப்போய் விட்டுட்டுப் போற அளவுக்கு சுத்தல்ல விடணுமாம். இது சரியில்லையேன்னு சொன்னேன். "பேசுறது பாட் தானே, நாமளா பொய் சொல்றோம்?"னு மேனேஜர் சிரிச்சுட்டுப் போய்ட்டார். இன்னும் பத்து வருஷத்துல பிசினஸ்ல நேர்மைன்னு ஒண்ணு மிச்சம் இருக்குமா? நான் வேலையை விட்டுடவா? (பேர் போட வேண்டாம்)

பதில்: தம்பி, ராஜினாமா லெட்டர் இப்போதைக்கு டிராஃப்ட்லயே இருக்கட்டும், அவசரமில்ல.

உங்க மேனேஜர் சிரிச்சுக்கிட்டே சொன்னதை ஒரு விமான கம்பெனி சீரியஸாவே சொல்லிப் பார்த்தாச்சு. ஏர் கனடாவோட சாட்பாட், வீட்ல ஒரு சாவுன்னு அவசரமா கிளம்புன பயணி ஒருத்தர்கிட்ட, இப்ப டிக்கெட் எடுத்துக்கோங்க, துக்கத்துக்கான சலுகையை 90 நாளுக்குள்ள கேட்டு வாங்கிக்கலாம்னு சொல்லிருச்சு, ஆனா கம்பெனி ரூல் அப்படி கிடையாது, அவர் பணம் கேட்டப்ப தர முடியாதுன்னுட்டாங்க. விஷயம் ட்ரிப்யூனலுக்குப் போச்சு, அங்க பாட் சொன்னதுக்கு நாங்க பொறுப்பாக முடியாதுங்கற மாதிரி வாதாடுனாங்க. 2024 பிப்ரவரியில தீர்ப்பு வந்துச்சு: வெப்சைட்ல இருக்கற எல்லாத்துக்கும் கம்பெனி தான் பொறுப்பு, பாட் சொன்னாலும் சரி, பக்கத்துல எழுதி வச்சிருந்தாலும் சரி. தொகை சின்னது தான், ஆயிரம் கனடா டாலர்கூட இல்ல. ஆனா எய்தவன் இருக்க அம்பை நோவானேன்னு நாம சொல்றது தீர்ப்பாவே வந்திருச்சு, உங்க மேனேஜருக்கு அந்த நியூஸ் லிங்க்கை ஒரு ஸ்மைலியோட அனுப்பலாம் (வேண்டாம், அனுப்பாத).

இனி உன் பெரிய கேள்வி. நேர்மை இருக்குமா இருக்காதான்னு ஜோசியம் சொல்ல எனக்குத் தெரியாது, மனுஷங்க திடீர்னு கெட்டுப்போவாங்கன்னும் நான் நினைக்கல. எனக்கு இருக்கற பயம் வேற. இதுவரைக்கும் ஒரு கம்பெனி கஸ்டமர்கிட்ட பொய் சொல்லணும்னா யாராவது ஒருத்தர் வாயைத் திறந்து அந்தப் பொய்யைச் சொல்லியாகணும், இல்ல உக்காந்து எழுதியாகணும், அப்படிச் சொல்ல வேண்டிய ஆளுல பத்துல ஒருத்தருக்காவது நாக்கு கூசும், சார் இது வேண்டாமேன்னு இழுப்பாங்க. இப்ப நீ இழுக்கறல்ல, அதே தான். பாட்கிட்ட போய் யாரும் பொய் சொல்லுன்னு சொல்லப்போறதில்ல, கேன்சல் எண்ணிக்கையைக் குறைன்னு டார்கெட் மட்டும் குடுப்பாங்க, எந்த வார்த்தை சொன்னா ஆள் விட்டுட்டுப் போறாங்கன்னு அதுவே தேடிக் கண்டுபிடிச்சுக்கும். பொய் வெளிய வந்திருக்கும், சொன்னது யாருன்னு கேட்டா ஆளே இருக்காது. கூசற நாக்கையே சிஸ்டத்துல இருந்து எடுத்துடறாங்க பாரு, வரப்போற காலத்துல கவனிக்க வேண்டியது இதைத் தான்.

டார்கெட் என்னல்லாம் பண்ணும்னு தெரியணும்னா அமெரிக்காவோட வெல்ஸ் ஃபார்கோ பேங்க் கதையைப் பாரு, அதுல ஏஐ எதுவும் கிடையாது. இத்தனை அக்கவுண்ட் ஓபன் பண்ணியே ஆகணும்னு நெருக்குனதுல ஊழியர்கள் கஸ்டமருக்கே தெரியாம லட்சக்கணக்குல அக்கவுண்ட் திறந்துட்டாங்க. 2016ல வெளிய வந்தப்ப, கிட்டத்தட்ட 5,300 பேரை ஏற்கனவே வேலையை விட்டுத் தூக்கியாச்சுன்னாங்க, பெரும்பாலும் கீழ்மட்ட ஆளுங்க. அப்போ சிஇஓவா இருந்தவருக்கு 1.75 கோடி டாலர் அபராதமும் பேங்கிங் தொழிலுக்கே தடையும் வந்தது 2020ல. அடி முதல்ல யார் தலைல விழுதுன்னு கவனி.

வோக்ஸ்வேகன்லயும் அப்படித் தான். புகை டெஸ்ட் நடக்கும்போது மட்டும் கார் நல்ல பிள்ளையா நடந்துக்கற மாதிரி சாஃப்ட்வேர், உலகம் முழுக்க சுமார் 1.1 கோடி கார்ல. 2015ல மாட்டுனாங்க. அமெரிக்காவுல முதல்ல தண்டனை வாங்குனவர் அந்த சாஃப்ட்வேர்ல வேலை பார்த்த இன்ஜினியர் தான், 40 மாச ஜெயில். மேல சொன்னாங்க செஞ்சேன்னு சொன்னா விட்டுருவாங்கன்னு நம்பிடாத.

சட்டம் வந்து காப்பாத்துமான்னா, அது முன்னப்பின்ன தான் போகுது. சேர்றது எவ்ளோ ஈஸியோ விலகறதும் அவ்ளோ ஈஸியா இருக்கணும்னு அமெரிக்காவோட எஃப்டிசி (வியாபாரத்துல கஸ்டமரை ஏமாத்தாம பார்த்துக்கற அரசு அமைப்பு) 2024ல ஒரு விதி போட்டுச்சு, 2025 ஜூலையில கோர்ட் அதைக் கொண்டுவந்த நடைமுறை சரியில்லன்னு சொல்லி ரத்து பண்ணிருச்சு. சரி முடிஞ்சது கதைன்னு நினைச்சா, ரெண்டே மாசத்துல 2010ல இருந்து இருக்கற ஒரு சட்டத்தை வச்சே, அமேசானோட ப்ரைம் சந்தா பத்தி எஃப்டிசி போட்டிருந்த கேஸ் 250 கோடி டாலர்ல செட்டில் ஆச்சு. தப்பு பண்ணோம்னு அமேசான் ஒத்துக்கல, அதையும் சொல்லிடணும். ஆனா எஃப்டிசி புகார்ல இருந்தது என்னன்னா, ப்ரைமை கேன்சல் பண்ண நாலு பக்கம், ஆறு க்ளிக், பதினஞ்சு ஆப்ஷன், அதுக்கு ஆபீஸ்க்குள்ள வச்ச செல்லப்பேர் 'இலியட்'. ஆமா, வருஷக்கணக்கா முடியாத போர் பத்தின அந்தக் கிரேக்க காவியம் தான். எவனோ ஒருத்தன் ஜோக்கா வச்ச பேர் இன்னிக்கு கோர்ட் ரெக்கார்டுல உக்காந்திருக்கு. உங்க ஆபீஸ் சாட் க்ரூப்லயும் இப்படி எதாவது பேர் ஓடுதான்னு பாரு.

இப்ப நீ பண்ண வேண்டியது. வாயால சொன்னதை மெயில்ல எழுது, தர்மம் நியாயம்னு எல்லாம் பேசாத, அது எடுபடாது, வேலைக்காரன் கேக்கற சாதாரண கேள்வியா கேளு: நிறுத்தணும்னு கஸ்டமர் எத்தனை தடவை சொன்னா பாட் விட்டுடணும், பாட் என்ன ஆஃபர் சொல்லலாம் எதைச் சொல்லவே கூடாது, அந்த உரையாடல் எல்லாம் யார் படிச்சுப் பார்ப்பாங்க, கடைசி அப்ரூவல் யார் பேர்ல. அந்தக் கடைசிக் கேள்வி தான் முக்கியம். பேர் எழுத வேண்டிய இடம் வந்தாலே பல பேர் தைரியம் கரைஞ்சு போயிரும், பாதி திட்டம் அங்கயே சாஃப்ட் ஆயிரும், நீ போராட வேண்டியதே இருக்காது. கூடவே அவர் பாஷைலயும் ஒரு வரி போடு: சந்தாவை நிறுத்த முடியாத ஆள் நேரா பேங்குக்குப் போய் இந்தக் கார்டு பேமண்ட்டை நான் ஒத்துக்கலன்னு சொல்லிருவார், அது அளவு தாண்டினா கம்பெனி கார்டுல பணம் வாங்கற வசதிக்கே ஆபத்து.

லீகல், கம்ப்ளையன்ஸ்னு (சட்டம், விதிமுறை பார்க்கறவங்க) டீம் இருந்தா காப்பி போடு, தனியா போகாத, இதே மாதிரி நினைக்கற இன்னொரு ஆள் கண்டிப்பா அங்க இருப்பாங்க. நடந்ததை தேதி போட்டு உன் சொந்த நோட்ல எழுதி வை. ஆனா கம்பெனி ஃபைலை உன் பர்சனல் மெயிலுக்கு அனுப்பிடாத, அப்புறம் பேச்சு பாட் பத்தி இருக்காது, உன்னைப் பத்தி தான் இருக்கும்.

சுத்தல்ல விடறது அசிங்கம், அதுக்காக இன்னிக்கே வேலையை விட வேண்டாம், எதிர்த்துக்கிட்டே இரு. ஆனா சந்தா நின்னுருச்சுன்னு பாட் சொல்லிட்டு அடுத்த மாசமும் பணம் எடுக்கற மாதிரி செட் பண்ணச் சொன்னா, அது திருட்டு, அன்னிக்கு கை வைக்காத, வெளிய வா. அதுக்கு இப்பவே வேற இடம் தேட ஆரம்பி, இன்டர்வியூல கடைசியா உங்களுக்கு எதாவது கேக்கணுமான்னு கேப்பாங்கல்ல, அப்ப உங்க ப்ராடக்ட்ல இருந்து ஒருத்தர் விலகணும்னா எத்தனை க்ளிக்னு கேளு.