காலி நகரத்துக் கல்வெட்டும் உங்கள் மகளின் பாடமும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

டெக்சாஸில் பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகள் ஏ.பி. (பள்ளியிலேயே படிக்கும் கல்லூரித் தரப் பாடம்) உலக வரலாறு எடுத்திருக்கிறாள். பாடம் 1200-ஆம் ஆண்டில் தொடங்குவதால் ராஜராஜனும் ராஜேந்திரனும் அதில் இல்லை. எல்லாம் வெறும் மனப்பாடம், இதை விட்டுவிட்டுக் கல்லூரிச் சேர்க்கைக்கு உதவும் கணினி அறிவியல் எடுக்கட்டும் என்கிறார் கணவர். தொடரலாமா? எந்த வழிகாட்டி நூல் நல்லது?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

தொடரட்டும். சோழர் இல்லை என்ற குறையை விடுங்கள். 2018-இல், ஏ.பி. பாடங்களையும் தேர்வுகளையும் நடத்தும் கல்லூரி வாரியம் (College Board) இந்தப் பாடத்தை 1450-இல் தொடங்குவதாகவே முதலில் அறிவித்தது. ஆசிரியர்களும் மாணவர்களும் எதிர்த்ததால்தான் 1200 என்றாயிற்று. இல்லாவிட்டால் மங்கோலியரும் ஆப்பிரிக்காவின் மாலிப் பேரரசர் மான்சா மூசாவும் வெளியே நின்றிருப்பார்கள். நம் அரசர் பெயர் இருக்கிறதா என்று பொருளடக்கத்தை மட்டும் புரட்டும் பெற்றோருக்கு இந்த இழப்பு கண்ணில் படுவதே இல்லை.

மனப்பாடம் என்ற சொல்தான் என்னைச் சுட்டது. தேர்வின் ஆவணக் கட்டுரைக்கு ஒரு மணி நேரமும் ஏழு ஆவணங்களும் தருகிறார்கள். ஒவ்வொன்றையும் யார், யாருக்காக, எந்த நோக்கத்தில் எழுதினார் என்று கேட்டு, அவற்றைக் கொண்டு மாணவரே ஒரு வாதத்தைக் கட்டவேண்டும். இதில் மனப்பாடம் எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

சில வாரங்களாக நான் எண்ணிக்கொண்டிருப்பது அப்படிப்பட்ட ஓர் ஆவணத்தைப் பற்றி, கொழும்பு அருங்காட்சியகத்தில் பார்த்த ஒரு கல்லைப் பற்றி. 1911-இல் தென்னிலங்கையின் காலி நகரில் ஒரு மதகின் மூடுகல்லாகக் கிடந்து கண்டெடுக்கப்பட்டது அது. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹே கொண்டுவந்து நாட்டிய அந்தக் கல்லில் 1409-ஆம் ஆண்டுக்குரிய மூன்று மொழி வாசகங்கள் உள்ளன. சீனம் புத்தரைப் போற்றுகிறது. தமிழ், இலங்கையின் தென்முனையான தேவேந்திரமுனையில் கோயில் கொண்டிருந்த தேனாவரை நாயனார் என்ற தெய்வத்தைப் போற்றுகிறது. மிகவும் தேய்ந்துபோன பாரசீகம் இஸ்லாத்தைப் போற்றுகிறது. காணிக்கைகளோ ஏறக்குறைய ஒன்றே: சீன வாசகத்தின்படி 1,000 பொன், 5,000 வெள்ளி, பட்டு, நறுமண எண்ணெய்.

தமிழ் வரியைக் கண்டதும் நாம் பூரித்துப் போகிறோம். நானும் மகிழ்ந்தேன், ஆனால் அங்கேயே நின்றுவிடுவது படிப்பாகாது. சிங்கள அரசு ஆண்ட மண்ணில் நாட்டிய கல்லில் சிங்களம் ஏன் இல்லை? செங் ஹேயை அனுப்பிய சீனப் பேரரசர் பேச விரும்பியது குடிமக்களோடா, துறைமுகத்து வணிகர்களோடா? மூன்று தெய்வங்களுக்கும் சமமாகக் காணிக்கை வைத்த கடற்படை 1411-இல் அதே தீவின் ஆட்சியாளரோடு போரிட்டு, அவரைச் சிறைபிடித்துச் சீனாவுக்குக் கொண்டுபோனதே, அதை அறிந்தபின் இந்த வாசகத்தின் பணிவை எப்படிப் படிப்பது? இந்தக் கேள்விகளைத் தானாகக் கேட்கப் பதினைந்து வயதிலேயே ஒரு பிள்ளை பழகுகிறாள் என்றால், அதைப் பிடுங்கிக் கல்லூரிச் சேர்க்கைக் கணக்கில் போடுவது அநியாயம். உங்கள் கணவரிடம் இதை நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

வழிகாட்டி நூல் எதுவும் வாங்கவேண்டாம். பழைய கட்டுரை வினாக்களை மதிப்பெண் வழங்கும் முறையோடு கல்லூரி வாரியமே இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. வாரம் ஓர் ஆவணக் கட்டுரையை அவள் எழுதட்டும். எழுதியதை நீங்களும் உட்கார்ந்து படியுங்கள்.