பாட்டு டீச்சர் பதில்கள்: ரேடியோவோடு ஒரு நாள்

(பதில் சொல்பவர் பாலக்காடு மாவட்டம் சித்தூரைச் சேர்ந்த, பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சராக இருந்து ஓய்வுபெற்றவர்.)

மகளுக்குப் பத்து வயது. பாட்டு கற்கிறாள். 'தினமும் ரேடியோ கேள்' என்கிறார் அவளுடைய டீச்சர். போனில் எல்லாமே கிடைக்கும்போது ரேடியோ எதற்கு? ஒரு நாளில் எதை, எப்படிக் கேட்க வைப்பது?
– வாசகி, கொழிஞ்சாம்பாறை

டீச்சர் சொன்னதைத் தட்டாதீர்கள் அம்மா. போனில் நாம் தெரிந்ததைத்தான் தேடுகிறோம். ரீதிகௌளை என்று ஒரு ராகம் இருப்பதே தெரியாத பெண் அதை எப்படித் தேடுவாள்? ரேடியோ அவளிடம் கேட்காமலே அதைக் காதில் போட்டுவிடும். பிடிக்கவில்லை என்று நடுவில் தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போகவும் வழியில்லை. அரை மணி நேரக் கச்சேரி என்றால் அரை மணி நேரமும் உட்கார வேண்டும். பாட்டுப் படிப்பில் பாதி அந்த உட்காருவதுதான்.

காலையில் ஆகாசவாணி நிலையம் திறக்கும்போது வரும் இசையிலிருந்தே தொடங்குங்கள். தம்புரா சுருதியின் மேல் வயலின் வருமே, அதுதான். வால்டர் காஃப்மன் என்பவர் 1930களில் அமைத்தது. ஐரோப்பாவிலிருந்து பம்பாய்க்கு வந்து குடியேறிய யூதர், அங்கே வானொலியில் மேல்நாட்டு இசைக்குப் பொறுப்பாக இருந்தவர். அந்த மெட்டில் சிவரஞ்சனியின் சாயல் உண்டு. உங்கள் மகள் மோகனத்தில் 'வரவீணா' கீதம் பாடியிருப்பாள். மோகனத்தின் ஆரோகணத்தை, அதாவது ஏறு வரிசையை, பாடச் சொல்லுங்கள்: ச ரி க ப த. அப்புறம் 'க' என்ற காந்தாரத்தை மட்டும் இறக்கி, அந்தர காந்தாரத்துக்குப் பதிலாகச் சாதாரண காந்தாரம் வைத்துப் பாடட்டும். மற்ற ஸ்வரங்கள் எல்லாம் அதேதான், ஆனால் ராகம் சிவரஞ்சனி. சந்தோஷமாக இருந்த முகம் சட்டென்று வாடிவிடும். ஒரு ஸ்வரத்துக்கு இவ்வளவு சக்தியா என்று அவளே கேட்பாள்.

காலைக் கச்சேரிக்கு ஒரு நோட்டு போடுங்கள். ராகம், தாளம், இயற்றியவர் என்று மூன்று கட்டம் போதும். அறிவிப்பு வரும்போது அவளை அடுத்த அறைக்கு அனுப்பிவிட்டு நீங்கள் மட்டும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பாட்டு ஆரம்பித்ததும் வந்து உட்கார்ந்து அவள் ராகத்தை ஊகிக்கட்டும். தப்பானாலும் கோடு போட்டு அடிக்க வேண்டாம், தப்பையும் நோட்டில் எழுதட்டும். கையால் தாளம் போட்டு, பல்லவி சமத்தில், அதாவது தாளம் தொடங்கும் இடத்தில், எடுக்கிறதா, அரை இடம் தள்ளி எடுக்கிறதா என்று கவனிக்கட்டும். அறிவிப்பாளர் மலையாளத்தில் பேசுகிறாரே என்று தயங்காதீர்கள். கல்யாணி அங்கேயும் கல்யாணிதான், ஆதி தாளம் அங்கேயும் எட்டு அட்சரம்தான்.

நம் பாலக்காட்டு மண்ணின் பழைய ஒலிப்பதிவுகள் வந்தால் அடுப்பை அணைத்துவிட்டு நீங்களும் உட்காருங்கள். மஞ்சப்பரையில் பிறந்த எம்.டி. ராமநாதன் பாடும் நிதானம் முதலில் குழந்தைகளைச் சோதிக்கும். போகப் போக அந்த இடைவெளிகளில்தான் ராகம் நிற்கிறது என்று புரியும். பாலக்காடு மணி ஐயர் மிருதங்கம் என்றால், ஒரு பாட்டு முழுக்கத் தொப்பிப் பக்கத்தை மட்டும் கேட்கச் சொல்லுங்கள். இடது கை என்னென்ன பேசும் என்று அன்றைக்குத் தெரியும்.

பகலில் கல்வி ஒலிபரப்பு எது வந்தாலும் ஓடட்டும். வானொலியிலேயே பாட்டுச் சொல்லிக்கொடுத்த காலமும் உண்டு. திருவனந்தபுரம் நிலையத்தில் எம்.ஜி. ராதாகிருஷ்ணன் நடத்திய 'லளித சங்கீத பாடம்' என்ற மெல்லிசைப் பாடம் கேரளம் முழுக்கப் பேர் பெற்றது. வரி வரியாகச் சொல்லிக்கொடுப்பார். எங்கள் தெருவில் மலையாள வரிகளைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு கூடவே பாடிய பெண்கள் இருந்தார்கள். மாதச் சம்பளம் கொடுத்துப் பாட்டு கற்க முடியாத வீட்டுப் பெண்களுக்கு அதுதான் குருகுலம்.

வருஷத்தில் தவறவிடவே கூடாத ஒலிபரப்பு என்று எதைச் சொல்வீர்கள்?
– வாசகர், கொல்லங்கோடு

இரண்டு. தை மாத வாக்கில் வரும் புஷ்ய பகுள பஞ்சமியன்று (தேய்பிறையின் ஐந்தாம் நாள்) திருவையாற்றிலிருந்து தியாகராஜ ஆராதனை. கார்த்திகையில் குருவாயூர் ஏகாதசிக்கு முந்தின நாள், தசமியன்று, செம்பை சங்கீத உற்சவத்தில் பஞ்சரத்தினம், அதாவது தியாகராஜரின் ஐந்து பெரிய கீர்த்தனைகள். கோட்டாயியில் பிறந்த செம்பை வைத்தியநாத பாகவதர் ஏகாதசிக்குக் குருவாயூரில் பாடிவந்தவர். 1974-ல் அவர் மறைந்த பிறகு உற்சவத்துக்கு அவர் பெயரே வந்தது.

நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று பஞ்சரத்தினத்தின் ஐந்து ராகமும் இந்த இரண்டு நாளிலும் ஒரே மூச்சில் காதில் விழும். அதிலும் வராளியைக் கூர்ந்து கேளுங்கள். வராளியை நேராகச் சொல்லிக்கொடுத்தால் குருவுக்கும் சிஷ்யருக்கும் மனஸ்தாபம் வரும் என்று ஒரு நம்பிக்கை. அதனால் கேட்டே பழகு என்று விட்டுவிடுவார்கள். பலபேருக்கு அதைக் கேட்கக் கிடைத்த இடம் ரேடியோதான். புத்தகத்தைப் பிரித்து வைத்து, கூடவே மெதுவாகப் பாடிக்கொண்டு போங்கள்.

பகலில் திருச்சூர் நிலையம் மட்டும் கேட்கிறது. ராத்திரி எங்கெங்கிருந்தோ நிலையங்கள் வருகின்றன. 'கொர்' என்ற இரைச்சல் வேறு. செட் பழுதா?
– வாசகர், கோவிந்தாபுரம்

பழுதில்லை. மத்திய அலையை (மீடியம் வேவ்) பகலில் வானத்தின் கீழடுக்கு ஒன்று உறிஞ்சிவிடும். சூரியன் மறைந்ததும் அந்த அடுக்கு கலைந்துபோகும். அதற்கு மேலே உள்ள அடுக்கில் அலை பட்டுத் திரும்பி வெகுதூரத்தில் இறங்கும். அதனால்தான் இருட்டிய பிறகு தூரத்து நிலையங்கள் உங்கள் திண்ணைக்கு வருகின்றன.

இரைச்சலுக்கு எல்.இ.டி. பல்பும் போன் சார்ஜரும்தான் பெரும்பாலும் காரணம். செட்டை அவற்றிலிருந்து தள்ளி ஜன்னலோரம் வையுங்கள். மத்திய அலைக்கான ஆன்டெனா செட்டுக்கு உள்ளேயே ஒரு கறுப்புக் குச்சியாக இருக்கிறது. வெளியே நீட்டும் கம்பி எஃப்.எம்.முக்கும் சிற்றலைக்கும்தான். ஆகவே கம்பியை இழுப்பதை விட்டுவிட்டு, செட்டையே கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிப் பாருங்கள். ஒரு திசையில் குரல் தெளியும். அந்த இடத்தில் மேஜையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு வையுங்கள்.

ரேடியோ பெட்டியே இல்லாதவர்கள் 'நியூஸ் ஆன் ஏர்' செயலியில் கேட்கலாம். சாஸ்திரிய சங்கீதத்துக்கென்றே 2016 ஜனவரி 26 அன்று தொடங்கிய 'ராகம்' அலைவரிசையும் உண்டு.

சங்கீதத்தைக் கேட்கிறவர்கள் 'வயலும் வீடும்' வந்ததும் அணைத்துவிடுகிறார்கள். விவசாய நிகழ்ச்சி கல்வியில் சேராதா?
– விவசாயி, வேலந்தாவளம்

உங்கள் வருத்தத்தில் நியாயம் இருக்கிறது. தஞ்சாவூரில் 1960களில் ஏ.டி.டி. 27 என்ற புது நெல் பரவியபோது, விவசாயிகள் திருச்சி வானொலியின் பண்ணை நிகழ்ச்சியில் கேட்டு அதைப் பயிரிட்டார்கள். அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் விழுந்தது. ஒரு நிகழ்ச்சிக்கு அதைவிடப் பெரிய மரியாதை என்ன வேண்டும்? எழுதப் படிக்கத் தெரியாதவரும் விதை அளவையும் உர அளவையும் காதால் கேட்டுக் கற்றுக்கொண்டார்கள். குழந்தைகளும் கேட்கட்டும். நம் பக்கத்தில் இரண்டு மொழியிலும் நெல்லுக்கும் தென்னைக்கும் யோசனை கேட்கக் கிடைக்கிறது, அதை ஏன் விட வேண்டும்?

ஹார்மோனியத்தை வானொலியில் தடை செய்திருந்தார்களாமே?
– வாசகி, மீனாட்சிபுரம்

ஆமாம். 1940-ல் தடை வந்தது, 1971-ல்தான் ஓரளவு தளர்ந்தது. கட்டைகளில் ஸ்வரங்கள் நிலையாக நிற்பதால் கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்து இழைப்பது, வராது என்பது காரணம். காரணம் உண்மைதான். ஆனால் அதை வைத்துப் பிழைத்த கலைஞர்களை அத்தனை வருஷம் வாசலில் நிறுத்தியது கொடுமை என்றே நினைக்கிறேன்.

மகன் ரேடியோவில் பாட என்ன செய்ய வேண்டும்?
– வாசகர், வாளையார்

வயது 15 முதல் 30-க்குள் என்றால் இளைஞர் நிகழ்ச்சியான 'யுவவாணி'யில் தொடங்கலாம். முறையான கலைஞராக வேண்டுமானால் குரல் தேர்வு உண்டு. பி, பி-ஹை, ஏ, டாப் என்று தரம் கொடுப்பார்கள். விண்ணப்பத்தில் பாடாந்தரப் பட்டியல், அதாவது பாடத் தெரிந்த பாட்டுகளின் பட்டியல், கேட்பார்கள். நீளமாக இருக்கட்டும் என்று பாதி தெரிந்த கீர்த்தனைகளை அதில் சேர்க்க வேண்டாம். எழுதியதில் எதை வேண்டுமானாலும் பாடச் சொல்வார்கள். ஒவ்வொன்றையும் தம்புரா சுருதியோடு ஒலிப்பதிவு செய்து, மறுநாள் அவனையே கேட்க வையுங்கள். தேறாததைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டு, மிச்சத்தை எழுதி அனுப்புங்கள்.