ஏழுக்கும் நான்கு நான்காகப் போட்டுவிட்டேன், இனி என்ன செய்வது?

கேள்வி: உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை அண்ணாவின் கணினியில் ஃபோல்அவுட் 4 விளையாடிக்கொண்டிருக்கிறேன். தொடக்கத்தில் எந்தக் குணம் முக்கியம் என்று தெரியாமல் ஏழு குணங்களுக்கும் நான்கு நான்காகப் பகிர்ந்துவிட்டேன். இப்போது லெவல் 18. லெவல் ஏற ஏறக் கிடைத்த 17 பெர்க் (கூடுதல் திறன்) புள்ளிகளையும் 17 பெர்க்குகளில் ஒவ்வொன்றாக வைத்திருக்கிறேன். எத்தனை தடவை சுட்டாலும் எதிரிகள் விழுவதில்லை, நான்தான் சீக்கிரம் விழுந்துவிடுகிறேன். பை எப்போதும் நிறைந்திருக்கிறது. போன கிழமை கொம்பட் ரைஃபிளை மேம்படுத்தினேன், அதன் பிறகு அது முன்னையைவிட மோசமாகிவிட்டது. கூட வரும் நாய் டொக்மீட்டை விட்டுவிட்டு வேறு துணையைக் கூட்டிப்போக மனம் வரவில்லை. ஆனால் இடையில் ஒருநாள் அதை அனுப்பிவைத்தேன், இப்போது எங்கே என்று தெரியவில்லை. எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டுமா? இன்னொன்றும் கேட்க வேண்டும். ஆரம்பத்தில் குண்டு விழும் காட்சியைப் பார்த்த அம்மா எழுந்து போய்விட்டார். அதன் பிறகு அவர் இருக்கும்போது இதைப் போடத் தயக்கமாக இருக்கிறது. (வாசகி, வட்டக்கச்சி)

பதில்: தங்கச்சி, அழிக்க வேண்டாம். வைத்த புள்ளியைத் திரும்ப எடுக்க இந்த விளையாட்டில் வழி இல்லை என்பது உண்மைதான். ஆனால் லெவலுக்கு மேல்வரம்பும் இல்லை. விளையாட விளையாடப் புள்ளி வந்துகொண்டேயிருக்கும். பிழை நடந்தது தொடக்கத்தில் அல்ல. ஏழுக்கும் நான்கு என்பது ஒரு நடுத்தரமான தொடக்கம், அவ்வளவுதான். பிழை அதற்குப் பிறகு வந்த 17 புள்ளிகளில் இருக்கிறது.

நீங்கள் அனுப்பிய பட்டியலை இரண்டு தடவை வாசித்தேன். அதில் கன்ஸ்லிங்கர், ரைஃபிள்மன், கமாண்டோ, பிக் லீக்ஸ், அயர்ன் ஃபிஸ்ட் ஆகிய ஐந்தும் ஆயுதப் பெர்க்குகள். கைத்துப்பாக்கி, ஒவ்வொன்றாகச் சுடும் நீள்துப்பாக்கி, தொடர்ந்து சுடும் துப்பாக்கி, அடிக்கும் ஆயுதம், வெறுங்கை என்று ஐந்துக்கும் ஒவ்வொரு புள்ளி. ஆனால் உங்கள் கையில் ஒரு நேரத்தில் ஓர் ஆயுதம்தான் இருக்கும். மற்ற நான்கு புள்ளிகளும் அந்த நேரத்தில் உறங்குகின்றன.

வட்டக்கச்சியில் இருப்பவருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. சிறுபோகம் தொடங்குமுன் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் இரணைமடுவில் எவ்வளவு நீர் நிற்கிறது என்று பார்த்துத்தான் எத்தனை ஏக்கர் விதைப்பது என்று முடிவெடுக்கிறார்கள். இருக்கிற நீரை எல்லா வயலுக்கும் திறந்துவிட்டால் கதிர் வரும் நேரத்தில் ஒரு வயலுக்கும் நீர் இராது. பெர்க் புள்ளியும் அப்படித்தான். இனிவரும் ஆறு ஏழு புள்ளிகளுக்கு வயலைக் குறையுங்கள்.

எந்த வயல் என்பதை உங்கள் கையே சொல்லிவிட்டது. நீங்கள் அதிகம் பிடிப்பது நீள்துப்பாக்கி. ஆகவே ரைஃபிள்மன். இப்போது முதற்படியில் 20 வீதம் கூடுதல் சேதம் கிடைக்கிறது. இரண்டாம் படி லெவல் 9இலும் மூன்றாம் படி லெவல் 18இலும் திறக்கும். அதாவது இரண்டுமே உங்களுக்கு ஏற்கெனவே திறந்திருக்கின்றன. அடுத்த இரண்டு புள்ளிகளையும் அங்கேயே வையுங்கள். கூடுதல் சேதம் 60 வீதமாகும், எதிரியின் கவசத்திலும் ஒரு பகுதியை உங்கள் குண்டு பொருட்படுத்தாது. இந்த இரண்டு புள்ளிகளின் வித்தியாசத்தை அன்று மாலையே உணர்வீர்கள்.

அதற்கு முன் கொம்பட் ரைஃபிளுக்கு வருவோம். மேம்படுத்தியபின் மோசமாகிவிட்டது என்று எழுதியதைப் படித்ததும் காரணம் பிடிபட்டது. ஆயுத மேசைக்குப் போய் அந்தத் துப்பாக்கியின் பெயரைப் பாருங்கள். பெயருக்கு முன்னால் ‘ஓட்டோமெட்டிக்’ என்று இருக்கும். நீங்கள் மாட்டியது தொடர்ந்து சுடும் ரிசீவர், அதாவது துப்பாக்கியின் சுடும் பொறிப் பாகம். அதை மாட்டிய நொடியிலிருந்து உங்கள் துப்பாக்கி ரைஃபிள்மன் பெர்க்கின் கீழ் இல்லை, கமாண்டோவின் கீழ் போய்விட்டது. ஒவ்வொரு குண்டின் சேதமும் குறைந்துவிட்டது. வேகமாகச் சுடுவதால் வலு கூடியதுபோலத் தெரியும், குண்டுதான் தீர்ந்துபோகும். மேசையில் ரிசீவர் பகுதியைத் திறந்து தொடர்ந்து சுடாத ஒன்றை மாட்டுங்கள். கழற்றிய பழைய பாகம் உங்கள் பொருட்களோடுதான் இருக்கும், வீணாகியிருக்காது. பைப் வகைத் துப்பாக்கிகளில் இன்னொரு நுணுக்கம் உண்டு. பின்பக்கக் கட்டை மாட்டினால் அது ரைஃபிள், சிறு கைப்பிடி மாட்டினால் அதுவே கைத்துப்பாக்கி. அனுபவமுள்ளவர்களும் இதில் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்து நாய். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான். டொக்மீட்டை விட மனமில்லை என்றால் விட வேண்டாம். ஏழு குணங்களில் ஒன்றான கரிஸ்மா மூன்று இருந்தால் எடுக்கக்கூடிய லோன் வாண்டரர் என்றொரு பெர்க் இருக்கிறது. துணையில்லாமல் தனியே நடப்பவருக்கானது. ஆனால் டொக்மீட் கூட வந்தாலும் அது வேலை செய்யும், நாயைத் துணையாள் என்று அது கணக்கிடுவதில்லை. முதற்படியில் உங்கள்மீது விழும் சேதம் 15 வீதம் குறையும், சுமக்கும் எடை 50 கூடும். இரண்டாம் படி லெவல் 17இல் திறக்கும். அப்போது சேதம் 30 வீதம் குறையும், எடை மொத்தமாக 100 கூடும். சாதாரண நிலையில் 200உடன் ஸ்ட்ரெங்த் குணத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் பத்துச் சேர்த்தால் நீங்கள் இப்போது சுமப்பது 240. இரண்டு புள்ளியில் அது 340 ஆகும். பை நிறைகிறது என்ற கவலைக்கும் சீக்கிரம் விழுந்துவிடுகிறீர்கள் என்ற கவலைக்கும் ஒரே பெர்க்.

காணாமற்போன நாயைக் கண்டுபிடிக்க ஒவ்வொரு குடியிருப்பாக அலைய வேண்டாம். ஒரு குடியிருப்பில் மணி ஒன்றைக் கட்டி அடியுங்கள். அங்கே இருக்கும் எல்லோரும் மணியடியில் கூடுவார்கள், அனுப்பிவைத்த துணைகளும் வருவார்கள். தொடக்கத்தில் வரும் சாங்சுவரி, ரெட் ரொக்கெட் ஆகிய குடியிருப்புகளில் முதலில் அடித்துப் பாருங்கள். இனி அனுப்பும்போது எந்த இடம் என்று விளையாட்டு கேட்கும். எப்போதும் ஒரே இடத்தைச் சொல்லிப் பழகுங்கள்.

இருந்தாலும் மற்றத் துணைகளை அடியோடு ஒதுக்குவது நட்டம். அவர்களின் நட்பு உச்சத்துக்குப் போனால் ஒரு பெர்க் தருவார்கள். அவர்கள் கூட வராவிட்டாலும் அது நிலைத்திருக்கும், உங்கள் புள்ளி ஒன்றும் செலவாகாது. பைப்பர் தருவது, புதிய இடம் கண்டாலும் பேச்சால் ஒருவரை இணங்கவைத்தாலும் இரட்டை அனுபவப் புள்ளி. நிக் வலன்டைன் தருவது, கணினிப் பூட்டை உடைக்கும்போது ஒரு மேலதிக வாய்ப்பு. பூட்டுத் திறக்கும் லொக்ஸ்மித் பெர்க்கும் கணினியைத் திறக்கும் ஹக்கர் பெர்க்கும் உங்களிடம் ஏற்கெனவே இருக்கின்றன. பூட்டுத் திறப்பது பைப்பருக்குப் பிடிக்கும், கணினியைத் திறப்பது நிக்குக்குப் பிடிக்கும். ஆகவே நகருக்குள் போகும் நாட்களில் இவர்களில் ஒருவரைக் கூட்டிப்போங்கள். பைப்பர் பார்க்கத் திருட வேண்டாம், சேர்த்த நட்பு கரையும். நட்பு உச்சமானதும் அவர்களே பேச வருவார்கள். நின்று முழுவதும் கேளுங்கள், அந்தப் பேச்சு முடிந்தால்தான் பெர்க் கைக்கு வரும்.

ஒரு புள்ளி உங்களுக்காக இன்னும் தரையில் கிடக்கிறது. சாங்சுவரியில் உங்கள் பழைய வீட்டுக் குழந்தையின் அறையில் ‘யூ ஆர் ஸ்பெஷல்’ என்ற புத்தகம் இருக்கிறது. எடுத்தால் விரும்பிய குணத்தை ஒன்று உயர்த்தலாம். அதைக் கரிஸ்மாவுக்குக் கொடுங்கள். பிறகு ஒரு பெர்க் புள்ளியையும் கரிஸ்மாவில் வைத்தால் ஆறாகும், லோக்கல் லீடர் திறக்கும். அதை எடுத்தால் குடியிருப்புகளுக்கிடையே ஆள் அனுப்பி உதிரிப் பொருட்களைப் பொதுவாக்கலாம். மேசை விசிறியையும் தட்டச்சுப் பொறியையும் முதுகில் சுமந்து திரிய வேண்டியிராது.

பெர்க் பலகையைத் திறக்குமுன் தனியாக ஒரு சேமிப்பு எடுத்துவையுங்கள். மழைக்காலத்தில் நம் பக்கம் மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. புள்ளியை உடனே செலவழிக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

அம்மாவைப் பற்றி. அவர் எழுந்து போனதை நான் சிறிய விடயமாக எண்ணவில்லை. வீட்டை விட்டு ஓடுவதும் குண்டுச் சத்தமும் அவருக்குத் திரைக்காட்சி அல்ல. அவர் இருக்கும் நேரத்தில் சண்டைப் பகுதிகளை விளையாடாதீர்கள், மற்ற நேரத்திலும் ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள். அவர் அருகில் வந்து உட்கார்ந்தால் குடியிருப்புக்குப் போய்விடுங்கள். அங்கே சோளம் நடலாம், இந்த விளையாட்டின் கற்பனைப் பயிர்களான டேட்டோ நடலாம், மட்ஃப்ரூட் மரம் வைக்கலாம். வயலைப் பார்க்க ஆளை நியமிக்க வேண்டும், ஒருவர் ஆறு அளவு உணவுக்கான பயிரைப் பார்ப்பார். மூன்றிலும் மும்மூன்று பறித்து, சுத்தமான நீர் ஒன்று சேர்த்து அடுப்பில் வைத்தால் காய்கறி மாப்பசை கிடைக்கும். அதை உடைத்தால் ஐந்து ஒட்டுப்பசை. துப்பாக்கி மேசை எப்போதும் கேட்டுக்கொண்டிருக்கும் பொருள் அதுதான். எந்தப் பயிரை எங்கே வைப்பது என்று அம்மாவிடமே கேளுங்கள்.