ஏற்றுமதிப் பணத்தை யூஎஸ்டிடி-யாக வாங்கலாமா?

கேள்வி: ஆம்பூரில் சிறிய அளவில் தோல் காலணி தயாரித்து ஏற்றுமதி செய்து வருகிறோம். நைஜீரியாவின் லாகோஸில் உள்ள வியாபாரி ஒருவர் மூன்று ஆண்டுகளாக எங்களிடம் சரக்கு எடுக்கிறார். இதுவரை வங்கி வழியாகவே டாலர் அனுப்பியவர், இப்போது வங்கியில் டாலர் கிடைக்கத் தாமதமாவதாகவும், 18,000 டாலர் பில்லுக்கு, டாலர் மதிப்போடு பிணைக்கப்பட்ட கிரிப்டோவான யூஎஸ்டிடி அனுப்பிவிடுவதாகவும் சொல்கிறார். சோதனைக்கென்று 500 யூஎஸ்டிடி-யை என் மகனின் கிரிப்டோ வாலட்டுக்கு அனுப்பியும் விட்டார். கிரிப்டோ லாபத்துக்கான முப்பது சதவீத வரியைக் கட்டிவிட்டால் சிக்கல் எதுவும் இல்லை என்கிறான் மகன். தொழிலில் கூட்டாளியான என் மாமாவோ மார்க்கப்படி இது ஹராம், தொடவே கூடாது என்கிறார். அறிவியல் வளர்ச்சியை மதத்தைக் காட்டித் தடுக்கிறீர்கள் என்று மகன் அவரோடு வாதிடுகிறான். நான் என்ன செய்வது?

பதில்: அந்த 18,000 டாலரை யூஎஸ்டிடி-யாக வாங்காதீர்கள். கிரிப்டோ வைத்திருப்பது இந்தியாவில் குற்றமல்ல என்பது உண்மைதான். ஆனால் ஏற்றுமதி செய்த சரக்குக்கு உரிய தொகை எந்த வழியில் நாட்டுக்குள் வர வேண்டும் என்பதை அன்னியச் செலாவணி மேலாண்மைச் சட்டமாகிய ஃபெமா வரையறுத்திருக்கிறது. அந்த வழிகளில் கிரிப்டோ இல்லை.

இது நடைமுறையில் எப்படிப் பிடிபடும் என்பதைச் சொல்கிறேன். நீங்கள் தாக்கல் செய்யும் ஷிப்பிங் பில்லின் விவரம் சுங்கத்துறையின் கணினியிலிருந்து ஏற்றுமதிப் பணத்தைக் கண்காணிக்கும் ரிசர்வ் வங்கியின் ஈடிபிஎம்எஸ் தளத்துக்கும், அங்கிருந்து உங்கள் ஏடி வங்கிக்கும் (அன்னியச் செலாவணியைக் கையாள அனுமதி பெற்ற வங்கி) தானாகவே போய்ச் சேர்கிறது. அன்றிலிருந்து அது வராத பாக்கியாக அங்கே நிற்கும். வெளிநாட்டுப் பணம் வங்கி வழியாக வந்து, அதற்குரிய ஐஆர்எம் எனும் வரவுப் பதிவை அந்த ஷிப்பிங் பில்லோடு பொருத்தும்போதுதான் அந்தப் பாக்கி அடையும். அதைக் கொண்டுதான் பணம் வந்ததற்கான பிஆர்சி எனும் வங்கிச் சான்றும் எடுக்க முடியும். யூஎஸ்டிடி-யை இந்தியக் கிரிப்டோ சந்தை ஒன்றில் விற்று ரூபாயாக்கினால், உங்கள் கணக்கில் வரவாவது ஓர் இந்திய நிறுவனம் அனுப்பிய உள்நாட்டுப் பணம். அது லாகோஸிலிருந்து வந்த காலணிப் பணம் என்று வங்கி மேலாளர் நம்பினாலும், அவருடைய கணினியில் அதைப் பொருத்துவதற்கு இடமில்லை.

ஏற்றுமதித் தொகையைக் கொண்டுவருவதற்கான ஒன்பது மாதக் கெடுவை ரிசர்வ் வங்கி 2025 நவம்பரில் பதினைந்து மாதமாக நீட்டித்தது. ஆகவே தவறு உடனே தெரியாது. கெடு முடிந்த பிறகுதான் ஒன்றன்பின் ஒன்றாக வரும்: வாங்கிய டிராபேக்கை (ஏற்றுமதிக்காகத் திரும்பக் கிடைத்த சுங்க வரியை) வட்டியோடு திருப்பிக் கட்டச் சொல்லும் நோட்டீஸ், ஜிஎஸ்டி ரீஃபண்டைத் திருப்பிக் கேட்கும் கடிதம், ஏற்றுமதிப் பொருள் மீதான வரிகளைத் திருப்பித் தரும் ஆர்ஓடிடிஈபி சலுகையை மீட்கும் நடவடிக்கை. வங்கி பரிந்துரைத்தால் உங்கள் நிறுவனம் எச்சரிக்கைப் பட்டியலில் சேரும். அதன்பின் முன்பணமோ, மாற்ற முடியாத எல்சி-யோ (பணம் தருவதாக வாங்குபவரின் வங்கி தரும் உறுதிக் கடிதம்) இல்லாமல் எந்தப் பார்ட்டிக்கும் சரக்கு அனுப்ப இயலாது. ஃபெமாவின்படி தண்டம் சம்பந்தப்பட்ட தொகையைப் போல மூன்று மடங்கு வரை போகலாம். சிறிய பட்டறைக்கு இவற்றில் கடைசியாகச் சொன்னதைவிட எச்சரிக்கைப் பட்டியலே பெரிய அடி என்பது என் அனுபவம்.

உங்கள் மகன் சொல்லும் முப்பது சதவீதத்துக்கு வருவோம். வரி கட்டிவிட்டால் செயல் சட்டபூர்வமாகிவிடும் என்ற எண்ணம் இளைஞர்களிடம் பரவலாக இருக்கிறது, அது தவறு. இந்த வரியை அறிவித்த 2022 பட்ஜெட்டை ஒட்டி மாநிலங்களவையில் பேசிய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன், லாபத்துக்கு வரி விதிக்கும் உரிமை அரசுக்கு உண்டு என்றும், தடை செய்வதா வேண்டாமா என்பது வேறு விஷயம் என்றும் தெளிவாகவே சொன்னார்.

வரிக் கணக்கும் உங்கள் மகன் நினைப்பது போல எளிதல்ல. காலணி விற்ற தொகை எப்படியும் உங்கள் வியாபார வருமானம். அதற்கு மேல், கணக்குக்காக ஒரு யூஎஸ்டிடி 88 ரூபாயாக இருந்தபோது 18,000 வாங்கி, 90 ரூபாய்க்கு விற்றீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 36,000 ரூபாய் லாபத்துக்கு முப்பது சதவீத வரி 10,800, அதன் மேல் நான்கு சதவீத செஸ் 432, ஆக 11,232 ரூபாய். விற்ற மொத்தத் தொகையான 16,20,000-இல் ஒரு சதவீதம், அதாவது 16,200 ரூபாய், டிடிஎஸ்-ஆகப் பிடிக்கப்படும். ரிட்டர்னில் வரவு வைத்துக்கொள்ளலாம் என்றாலும் அதுவரை உங்கள் கைமுதல் முடங்கும். அடுத்த பில்லுக்கு வாங்கியது 86 ரூபாய்க்கு இறங்கி அதே 36,000 நட்டமானால், அந்த நட்டத்தை முந்தைய லாபத்தில் கழிக்கவோ, வியாபார லாபத்தில் கழிக்கவோ, அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகவோ முடியாது. அடக்க விலையைத் தவிர எந்தச் செலவும் கழிவில்லை. அந்த அடக்க விலையை நிரூபிக்கும் சரியான ஆவணம் இல்லையென்றால், விற்ற தொகை முழுவதையுமே லாபமாக எடுத்துக்கொள்ள அதிகாரி முனையக்கூடும். உங்கள் விஷயத்தில் இன்வாய்ஸ் நிறுவனத்தின் பெயரிலும் வாலட் மகனின் பெயரிலும் இருப்பது அந்த வாதத்துக்கு வசதி செய்து கொடுக்கும்.

சந்தையில் விற்றால் டிடிஎஸ், கட்டணம் எல்லாம் போகிறதே என்று சிலர் பி2பி முறையில் முகம் தெரியாத ஒருவருக்கு நேரடியாக விற்று, அவர் அனுப்பும் ரூபாயை வாங்கிக்கொள்கிறார்கள். என்னிடம் வந்த ஒரு கட்சிக்காரர் இப்படி நாலு முறை விற்றார். ஐந்தாம் முறை வந்த நாற்பதாயிரம் ரூபாய், வட மாநிலம் ஒன்றில் இணைய மோசடிக்கு ஆளான ஒரு முதியவரின் பணம். அந்த ஊர்க் காவல்துறையின் மின்னஞ்சல் ஒன்றின் பேரில் நடப்புக் கணக்கு முழுவதும் முடக்கப்பட்டது. அது ஒரு வெள்ளிக்கிழமை. மறுநாள் ஐம்பத்திரண்டு பேருக்கு வாரக்கூலி தர வேண்டும். கணக்கில் பதினோரு லட்சம் இருந்தும் மைத்துனரின் நகையை அடகு வைத்துத்தான் கூலி கொடுத்தார். முடக்கம் நீங்க ஏழு வாரம் ஆயிற்று.

நீதிமன்றங்களே அனுமதித்துவிட்டனவே என்ற கேள்வியும் வரும் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். கிரிப்டோ தொழிலில் இருப்பவர்களுக்கு வங்கிகள் சேவை அளிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரலில் விட்ட சுற்றறிக்கையை உச்ச நீதிமன்றம் 2020 மார்ச் 4 அன்று ரத்து செய்தது. அந்தக் கட்டுப்பாடு அளவுக்கு மீறியது என்பதே அடிப்படை. கிரிப்டோவை நாணயமாக நீதிமன்றம் ஏற்கவில்லை. வசிர்எக்ஸ் என்ற கிரிப்டோ சந்தையிலிருந்து 2024 ஜூலையில் சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள கிரிப்டோ திருடப்பட்டதைத் தொடர்ந்து எழுந்த ஒரு வழக்கில், சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் 2025 அக்டோபரில், கிரிப்டோ ஒரு சொத்து, அதை உடைமையாக வைத்திருக்கவும் மற்றொருவரை நம்பி ஒப்படைக்கவும் முடியும் என்று தீர்ப்பளித்தார். முதலீட்டாளருக்கு அது நல்ல பாதுகாப்பு. ஆனால் சொத்து என்று சொன்னதாலேயே அது செலாவணி ஆகிவிடாது. காலணிக்குப் பதிலாக நிலமோ நகையோ வாங்கிக்கொண்டு ஷிப்பிங் பில்லை அடைக்க முடியாது அல்லவா, அது போலத்தான்.

லாகோஸ்காரர் ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லவில்லை. நைஜீரியாவில் டாலர் தட்டுப்பாடு பழைய நோய். 2023 ஜூனில் நைராவின் மதிப்பைச் சந்தையிடம் விட்டபோது ஒரு டாலர் ஏறத்தாழ 460 நைராவாக இருந்தது. 2024 பிப்ரவரியில் அது 1,400-ஐத் தாண்டியது. வங்கிகள் கிரிப்டோ கணக்குகளை மூட வேண்டும் என்று 2021 பிப்ரவரியில் ஆணையிட்ட அந்நாட்டு மத்திய வங்கியே, மக்கள் அதை விடவில்லை என்று கண்டு 2023 டிசம்பரில் தளர்த்திக்கொண்டது. வங்கியில் மாதக்கணக்கில் காத்திருப்பதை விடக் கைபேசியில் யூஎஸ்டிடி வாங்குவது அங்கே ஒரு வியாபாரிக்கு இயல்பான வழி.

ஆகவே அவரிடம் முடியாது என்று மட்டும் சொல்லாமல், மாற்றும் வேலையை அவர் பக்கமே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். துபாயிலோ வேறெங்கோ அவருக்குச் சகோதர நிறுவனமோ உறவினரின் நிறுவனமோ இருந்தால், அங்கே முறையாக டாலராக்கி, அந்த நிறுவனத்தின் வங்கிக் கணக்கிலிருந்து உங்கள் வங்கிக் கணக்குக்கு நேரடியாக அனுப்பலாம். மூன்றாம் தரப்பு ஏற்றுமதித் தொகை செலுத்துவதை ரிசர்வ் வங்கி நிபந்தனைகளோடு அனுமதிக்கிறது. பணம் செலுத்தப்போவது யார் என்பதை ஏற்றுமதி ஆவணத்திலேயே காட்ட வேண்டும், ஆர்டர் உறுதியானதாக இருக்க வேண்டும், பணம் வரும் நாடு கருப்புப் பணத்தைத் தடுக்கும் சர்வதேச அமைப்பான எஃப்ஏடிஎஃப்-இன் விதிகளுக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக உங்கள் ஏடி வங்கிக்குத் திருப்தி வர வேண்டும். சரக்கு ஏறுவதற்கு முன்பே வங்கியின் அன்னியச் செலாவணிப் பிரிவில் நேரில் பேசி எழுத்தில் வாங்கிவிடுங்கள். சரக்கு ஏறிய பிறகு கேட்பதும் முன்பே கேட்பதும் ஒன்றல்ல. இந்தப் பில்லின் சரக்கு ஏற்கெனவே போய்விட்டதென்றால், பதினைந்து மாதக் கெடு இருப்பதால் அவசரப்படாமல், அவருடைய வங்கியில் டாலர் வரும்வரை பொறுப்பதே மேல். இனி வரும் ஆர்டர்களுக்குப் பாதி முன்பணம் கேளுங்கள், ஈசிஜிசி எனும் ஏற்றுமதிக் கடன் காப்பீடும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து உங்கள் வீட்டு விவாதம். நான் ஆடிட்டர், ஃபத்வா (மார்க்கத் தீர்ப்பு) சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆனால் இதை அறிவியலுக்கும் மார்க்கத்துக்கும் இடையிலான சண்டையாக உங்கள் மகன் பார்ப்பது, இரண்டையுமே சரியாகப் புரிந்துகொள்ளாததால் வருவது. மார்க்க அறிஞர்களான ஆலிம்களிடையே இதில் ஒரே கருத்து இல்லை. எகிப்தின் ஃபத்வா வழங்கும் அமைப்பான தாருல் இஃப்தா 2018 தொடக்கத்தில் பிட்காயின் கூடாது என்றது. மலேசியப் பங்குச் சந்தை ஆணையத்தின் ஷரியா ஆலோசனைக் குழு, பதிவு பெற்ற சந்தைகளில் வாங்கி விற்கலாம் என்று 2020-இல் அனுமதித்தது. இந்தோனேசியாவின் உலமா மன்றம் 2021 நவம்பரில், நாணயமாகப் பயன்படுத்துவது ஹராம், அடிப்படைச் சொத்தும் தெளிவான பயனும் இருந்தால் சரக்காக விற்கலாம் என்று பிரித்துப் பார்த்தது. இவற்றில் எதுவும் கணினி அறிவியலை மறுக்கவில்லை. அவர்கள் கேட்டது: நிச்சயமின்மை எவ்வளவு, இது சூதாட்டத்தை ஒத்ததா, பின்னால் என்ன மதிப்பு இருக்கிறது என்பவைதாம். பொருளாதார நிபுணர்களும் ஏறக்குறைய இதையேதான் கேட்கிறார்கள்.

கிரிப்டோ பரிவர்த்தனைகளைப் பதியும் பிளாக்செயினின் கணிதம் உறுதி செய்வது, இந்த முகவரியிலிருந்து அந்த முகவரிக்கு 500 அலகு போயிற்று, அதை யாரும் திருத்தவில்லை என்பதை மட்டுமே. அனுப்பியவர் யார், அது எதற்கான பணம், ஓர் அலகுக்கு ஒரு டாலர் உண்மையில் இருக்கிறதா என்பவற்றை அது சொல்லாது. கடைசிக் கேள்விக்கு விடை, யூஎஸ்டிடி-யை வெளியிடும் டெதர் நிறுவனத்தின் வாக்குறுதி. கையிருப்பு பற்றித் தவறான தகவல் தந்ததாக எழுந்த வழக்கை, அந்நிறுவனமும் அதன் சகோதர நிறுவனமான பிட்ஃபினெக்ஸும் நியூயார்க் மாநில அரசுத் தலைமை வழக்கறிஞரிடம் 2021 பிப்ரவரியில் 1.85 கோடி டாலர் கட்டித் தீர்த்துக்கொண்டன. இப்போது அதன் கையிருப்பில் பெரும்பகுதி அமெரிக்கக் கருவூலப் பத்திரங்கள், அதாவது வட்டி தருபவை. இந்த விவரத்தை உங்கள் மாமா தம் ஆலிமிடம் அவசியம் சொல்ல வேண்டும். விலை ஏறி இறங்கும் பிட்காயினைப் பற்றிய ஃபத்வாவை அப்படியே யூஎஸ்டிடி-க்குப் பொருத்த முடியுமா, நாணய மாற்றில் கைக்குக் கை என்ற விதி இங்கே நிறைவேறுகிறதா என்பவை அவர்தாம் தீர்மானிக்க வேண்டியவை. அவர் ஆகும் என்றாலும் ஆகாது என்றாலும் ஷிப்பிங் பில் விஷயத்தில் என் பதில் மாறாது.

கடைசியாக அந்த 500 யூஎஸ்டிடி. அதை விற்காதீர்கள், பி2பி-யில் கண்டிப்பாக விற்காதீர்கள். வந்த தேதி, பரிவர்த்தனை எண், அனுப்பியவரோடு நடந்த வாட்ஸ்அப் உரையாடல் எல்லாவற்றையும் படியெடுத்து வைத்து, நடந்ததை உங்கள் ஆடிட்டர் மூலம் வங்கிக்கு எழுத்தில் தெரிவியுங்கள்; மகனின் வருமான வரி ரிட்டர்னிலும் காட்டுங்கள். வங்கியின் ஒப்புதலோடு அதை லாகோஸ்காரருக்குத் திருப்பி அனுப்புவதுதான் நல்லது. அப்படி அனுப்பும்போது, பணம் வந்த முகவரிக்கே திருப்பி அனுப்பிவிடாதீர்கள். அவர் ஏதாவது ஒரு சந்தையிலிருந்து அனுப்பியிருந்தால், அந்த முகவரி அந்தச் சந்தையின் பொது வாலட்டாக இருக்கும். அங்கே போன பணம் அவர் கணக்கில் வரவாகாது, மீட்பதும் கடினம். பெறுவதற்கான தனி முகவரியையும், ட்ரான் நெட்வொர்க்கா எத்தீரியம் நெட்வொர்க்கா என்பதையும் அவருடைய நிறுவன மின்னஞ்சலிலிருந்து எழுதி வாங்குங்கள். முதலில் பத்து யூஎஸ்டிடி அனுப்பி, வந்து சேர்ந்தது என்று அவர் எழுதிய பிறகு மீதியை அனுப்புங்கள்.