பெரிதாகிப்போன விரல்

அன்புள்ள ஐயா,
நான் பெரிதும் மதிக்கும் எழுத்தாளர் ஒருவர் தேர்தல் மேடையில் பேசினார். அடுத்த வாரமே ஓர் இதழ் அவரைப் பேனாவில் கட்சிக்கொடி கட்டிப் பிடித்திருப்பவராக வரைந்தது. அவருடைய ஊன்றுகோலையும் வளைத்து நெளித்துக் காட்டியிருந்தது. எழுத்தாளர்களை இப்படி இழிவுபடுத்துவதை நீங்கள் கண்டிக்க வேண்டாமா?
க.

அன்புள்ள க.,

ஊன்றுகோலைக் கேலி செய்தது அற்பத்தனம். அதில் உங்களோடு நிற்கிறேன்.

ஆனால் அமைச்சரை வரைந்தால் ரசித்துவிட்டு, எழுத்தாளரை வரைந்தால் மட்டும் கொதிக்கிறீர்களே, அது என்ன நியாயம்? 1906இல் தொடங்கிய 'இந்தியா' வார இதழில் அரசியல் கேலிச்சித்திரத்துக்கு இடம் கொடுத்தவர் பாரதி என்னும் கவிஞர். அந்த மரபில் வந்த நாம் நமக்கு மட்டும் விலக்குக் கேட்க முடியாது. 1987இல் ஓர் அட்டைப்படக் கேலிச்சித்திரத்துக்காக ஆனந்த விகடன் ஆசிரியருக்குச் சட்டமன்றம் மூன்று மாதச் சிறை விதித்ததே, அந்தப் பக்கமா போய் நிற்கப் போகிறீர்கள்?

உங்கள் கடிதம் வந்த அன்று நான் வேறொரு படத்தை நினைத்துக்கொண்டிருந்தேன். பல ஆண்டுகளுக்கு முன் நானும் ஒரு வேட்பாளருக்காக மேடையேறினேன். ஒரு சிற்றிதழ் என்னை வரைந்தது: தீக்குச்சி போன்ற உடம்பு, அதன் முனையில் ஒலிவாங்கியைவிடப் பெரியதாக நீட்டிய ஆள்காட்டி விரல். எனக்கு ஆத்திரம் பொங்கியது. என் மனைவியோ படத்தைப் பார்த்து வெகுநேரம் சிரித்துவிட்டு, "வீட்டிலும் இதே விரல்தான்" என்றாள். அன்றிரவு அந்த மாதம் எழுதிய கட்டுரைகளை எடுத்துப் பார்த்தேன். பத்திக்குப் பத்தி 'என்பதை எவரும் மறுக்க முடியாது' என்று முடித்திருந்தேன். மேடையில் நீண்ட விரல் உரைநடைக்குள்ளும் வந்து உட்கார்ந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. முன்பின் பார்த்திராத ஓர் ஓவியர் கவனித்துவிட்டார்.

அரசியலுக்குப் போகும் எழுத்தாளனிடம் முதலில் மாறுவது துண்டின் நிறமன்று, வாக்கியம். கேட்பவர்கள் கைதட்டும் இடத்தில் நிற்கப் பழகிய வாக்கியம், பிறகு வெள்ளைத்தாளிலும் கைதட்டலுக்காகக் காத்து நிற்கும். நல்ல கேலி அதைத்தான் பிடிக்க வேண்டும். பிரெஞ்சு ஓவியர் தோமியே 1849இல், அப்போது நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த கவிஞர் விக்டர் ஹியூகோவை வரைந்தபோது, அந்தப் பெருத்த நெற்றிக்குள் ஹியூகோவின் கனத்த தோரணை முழுவதையும் ஏற்றிவிட்டார். மன்னர் லூயி பிலிப்பைப் பெருந்தீனிக்காரனாக வரைந்து ஆறு மாதச் சிறைத்தண்டனை பெற்றவர் அவர். கவிஞர் என்பதற்காக ஹியூகோவுக்குச் சலுகை காட்டவில்லை.

அந்தத் தரத்தில் பார்த்தால் நீங்கள் சொல்லும் படத்தின் பெருங்குற்றம் சோம்பல். பேனாவில் கொடி கட்டுவதற்கு அந்த எழுத்தாளரின் ஒரு வரியைக்கூடப் படித்திருக்க வேண்டியதில்லை. பெயரை மாற்றி யாருக்கு வேண்டுமானாலும் ஒட்டிவிடலாம். நீங்களாவது படித்தீர்களா? அவருடைய அண்மைக் கட்டுரையில் 'வரலாறு மன்னிக்காது' என்பது நான்கு இடங்களில் வருகிறது. முன்பு மழையைப் பற்றி மூன்று பக்கம் எழுதியும் ஒரு சொல்லைத் திரும்பச் சொல்லாதவர் அவர். எனக்கு வலித்தது அந்த இடத்தில்தான்.

இதழுக்கு நீங்களே கடிதம் எழுதுங்கள். ஊன்றுகோலுக்காகத் திட்டுங்கள், அந்த நான்கு இடங்களையும் மறக்காமல் குறிப்பிடுங்கள்.