இரண்டாவது சுற்றிலேயே ஸ்பாரிங் சண்டையாகிவிடுகிறதே?

கேள்வி: எட்டு மாதங்களாகக் குத்துச்சண்டை பயில்கிறேன். ஸ்பாரிங்கை, அதாவது இணையுடன் மோதிப் பழகும் பயிற்சியை, மெதுவாகத்தான் தொடங்குகிறோம். இரண்டாவது சுற்றுக்குள் நானும் நண்பரும் முழு பலத்துடன் குத்திக்கொள்கிறோம். சென்ற வாரம் எனக்கு மறுநாள் வரை தலைவலி இருந்தது. பலத்தை எப்படிக் கட்டுப்படுத்துவது?

பதில்: முதலில் தலைவலி. தலையில் குத்து வாங்கிய பின் மறுநாள் வரை நீடிக்கும் வலி மூளை அதிர்ச்சியின் அறிகுறியாக இருக்கக்கூடும் என்பதால், மருத்துவரைப் பார்த்து அவர் சம்மதிக்கும் வரை ஸ்பாரிங் அறவே வேண்டாம். வாந்தியோ, குழப்பமோ, மிகுந்த தூக்கக் கலக்கமோ சேர்ந்தால் உடனே அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

நண்பர்தான் பலத்தைக் கூட்டுகிறார் என்று உங்களுக்குத் தோன்றும். அவருக்கும் உங்களைப் பற்றி அப்படியே தோன்றும். 2003-இல் லண்டன் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு சோதனையில், இருவர் மாறி மாறி ஒருவர் விரலை மற்றவர் அழுத்த, வாங்கிய அதே அளவைத்தான் திருப்பித் தர வேண்டும் என்று சொல்லியிருந்தும், அழுத்தம் முறைக்கு முறை ஏறிக்கொண்டே போனது. தன் அசைவால் உண்டாகும் விசையை மூளை முன்கூட்டியே கணித்துக் குறைத்து உணர்வதே இதற்குக் காரணம். ஆகவே குத்துகிறவரின் கணக்கை நம்ப முடியாது. வாங்குகிறவர் சொல்வதுதான் அளவு.

மீண்டும் வளையத்துக்குள் இறங்கும் நாளில், மணி அடிக்கும் முன் ஒருவர் நெற்றியில் மற்றவர் மூன்று ஜாப் (முன்கையால் நேராக விடும் குத்து) வையுங்கள். தலைக்கவசம் லேசாக அழுந்தலாம், தலை பின்னால் சாயக் கூடாது. சாய்ந்தால் வாங்கியவர் "குறை" என்று சொல்ல வேண்டும்.

குறைக்க வேண்டியது பலத்தை, வேகத்தை அல்ல. தோளைத் தளர்த்தி, இடுப்பைச் சுழற்றி உடல் எடையை ஏற்றாமல், தொட்டவுடன் கையை இழுத்துக்கொள்ளுங்கள். மந்தமான குத்துகளைப் பார்த்துப் பழகினால் குத்தின் வேகத்தைக் கணிக்கும் எதிரிலிருப்பவரின் பழக்கம் கெட்டுவிடும். பலமாக ஒன்று வாங்கினால் திருப்பிக் கொடுக்காமல் ஓரடி பின்வாங்கிச் சொல்லுங்கள். பயிற்சியில் மிகக் கடினமானது இதுதான், நாள்கணக்கில் பழகினால்தான் வரும். களைத்த உடலுக்குக் கட்டுப்பாடு இருக்காது; மூச்சு வாங்கத் தொடங்கினால் அந்தச் சுற்றை அங்கேயே நிறுத்துங்கள்.

சுமார் 450 கிராம் எடையுள்ள 16 அவுன்ஸ் கையுறையும் தலைக்கவசமும் கட்டாயம் வேண்டும், ஆனால் அவற்றை நம்பி பலத்தைக் கூட்டாதீர்கள். தலைக்கவசம் வெட்டுக்காயத்தைத் தடுக்கும். உள்ளே மூளை குலுங்குவதைத் தடுக்காது. இரண்டு முறை சொல்லியும் நண்பர் குறைக்கவில்லையென்றால், பயிற்சியாளரிடம் பேசி வேறு இணையைக் கேளுங்கள்.